மிஷினம்மாவுக்குத் தோண்டிய இரண்டாவது குழி

என் அன்யுவுக்கு,

வாழை முளைத்துவிட்டது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

எந்த வாழை என்று கேட்பாய். உனக்குத் தெரிய வாய்ப்பில்லை, நீ பெட்டிக்குள் இருந்தாய். அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன். இதைப் படிக்கப்போகும் மற்றவர்களுக்கும் அப்போதுதான் புரியும். அன்யு என்றால் உன் பாஷையில் அம்மா என்பதுகூட அவர்களுக்குத் தெரியாது. உன்னைத் தெரியும் என்று நினைக்கிறவர்களுக்கோ தப்பாகத் தெரியும்.

கல்லறைத் திருநாளன்று சாயங்காலம் அடிவாரத்து வேதக்கோயில் மண்டபத்தில் உனக்கு நினைவுக் கூட்டம் வைத்தார்கள். உன் போட்டோவுக்குச் சந்தன மாலை போட்டிருந்தார்கள். வேலூரிலிருந்து வந்த ஒருவர் மைக்கைப் பிடித்து, "ஐரோப்பாவின் சுகபோகங்களைத் துறந்து, ஜவ்வாது மலையின் ஏழை எளிய மக்களுக்குத் தொண்டாற்ற வந்த தியாகச் சுடர்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம்கூட உடனே வரவில்லை, பஸ்ஸில் திரும்பும்போதுதான் வந்தது. இப்போதெல்லாம் எனக்கு எதுவும் தாமதமாகத்தான் வருகிறது, அன்யு. சிலது வருவதே இல்லை.

சுகபோகமாம். ஹங்கேரியில் உன் அப்பா வைத்திருந்த மாவு மில்லை அரசாங்கம் எடுத்துக்கொண்டு, அவரையே அதில் கூலிக்கு மூட்டை தூக்க வைத்தது. ஐம்பத்தாறில் உங்கள் ஊருக்குள் ரஷ்ய டாங்கிகள் வந்தபோது நீ எல்லை தாண்டி ஓடினாய். வழியில் சேற்றில் ஒரு செருப்பு போய்விட்டது என்றும், அடுத்த நாள் முகாமில் யாரோ கொடுத்த ஆம்பளை பூட்ஸைப் போட்டுக்கொண்டாய் என்றும் சொல்லியிருக்கிறாய். அவ்வளவுதான் நீ துறந்து வந்தது. ஒரு செருப்பு.

தொண்டும் நீ செய்யவில்லை. கூலிக்கு மாவு அரைத்தாய். கேழ்வரகுக்கு ஒரு கூலி, சாமைக்கு ஒரு கூலி, மிளகாய்க்குக் கொஞ்சம் கூடுதல். மிளகாய் அரைத்த பிறகு கல்லைச் சுத்தம் செய்ய நம் வீட்டுக் கேழ்வரகில் ஒரு பிடி போட்டு ஓட்டுவாய். அந்தக் காரமான மாவில் களி கிண்டி நாம் தின்போம். கண்ணில் தண்ணீர் வர வர, "எங்க ஊர் சாப்பாடு மாதிரி கீது" என்பாய். கூலி தராமல் நழுவுகிறவர்களைத் தெருவில் நின்று திட்டுவாய். மைக்கைப் பிடித்த அந்த ஆள் இதில் ஒன்றையாவது பார்த்திருந்தால் தியாகச் சுடர் என்று சொல்லியிருப்பாரா?

உன் தமிழும் அப்படித்தான். மலையில், மாவு மிஷினில், தானியக் கூடையோடு வருகிறவர்களிடம் நீ கற்ற தமிழ். அதில் 'ங்க' கிடையாது. பங்குச் சாமியாரையும் "வா, உக்காரு" என்றாய். போலீஸ்காரர் மேலே வந்து நீ எந்த நாட்டுக்காரி என்று விசாரித்தபோது, "இன்னா வேணும் உனக்கு? மாவா, வம்பா?" என்று கேட்டாய். அவர் அசந்துபோய், "மாவு எவ்ளோம்மா?" என்றார்.

அப்பாவைப் பற்றியும் இவர்களுக்குச் சொல்ல வேண்டும். அன்றைய கூட்டத்தில் அவர் பெயரை யாரும் சொல்லவில்லை. சூசை. ஆலங்காயம் பக்கத்து அடிவாரக் கிராமத்தில், சேரியில் பிறந்தவர். கப்பலில் எஞ்சின் ரூமில் வேலை பார்த்தவர். இங்கிலாந்தில் ஒரு துறைமுக ஊரில், ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் உன் பக்கத்தில் முழங்கால் போட்டார். உனக்கு ஆங்கிலம் தெரியாது, அவருக்கும் அரைகுறை. ஆனால் அப்போது பூசை லத்தீனில்தான் நடக்கும். அவர் சிறுவயதில் பீடத்தில் உதவி செய்த பையன், நீயும் கோயிலில் பாடிய பெண். சாமியார் சொல்லச் சொல்ல இருவரும் ஒரே பதிலை ஒரே நேரத்தில் சொன்னீர்கள். பூசை முடிந்ததும் இருவருக்கும் பேச ஒரு வார்த்தையும் இல்லை என்று சொல்லிச் சிரிப்பாய். கல்யாணத்துக்கு அது போதுமானதாக இருந்திருக்கிறது.

அவர் தன் ஊரைப் பற்றி உன்னிடம் நிறையச் சொன்னார். தன் தெருவைப் பற்றிச் சொல்லவில்லை.

நீங்கள் வந்து இறங்கிய நாளை நீயே பலமுறை சொல்லியிருக்கிறாய். பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக ஒரு நல்ல தெரு போனது. அப்பாவும், வரவேற்க வந்த அவர் சித்தப்பா மகன் சவரியும், டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வயல் வரப்பில் இறங்கினார்கள். "ஏன் இப்படி?" என்று கேட்டாய். "குறுக்கு வழி" என்றார் அப்பா. கரும்பு வயலைச் சுற்றிச் சுற்றிப் போய், அதே தெருவின் மறுமுனைக்குப் பின்னால் இருந்த சேரிக்கு வந்து சேர்ந்தீர்கள். நீ அதன்பிறகு ஒன்றும் கேட்கவில்லை. பாஷை தெரியாதது அன்றைக்கு உனக்கு வசதியாக இருந்தது போல.

கப்பலில் சேர்த்ததையெல்லாம் போட்டு அப்பா பழைய ஆயில் எஞ்சினும் அரைக்கும் கல்லும் வாங்கினார். மில்காரன் மகளைக் கட்டியவருக்கு வேறு என்ன தோன்றும்? ஆனால் சேரிக்காரன் மிஷினுக்கு ஊர்த் தெருவிலிருந்து ஒரு படி தானியம் வரவில்லை. சேரியில் அரைப்பதற்குத் தானியமே இல்லை. அதனால்தான் மலை ஏறினீர்கள். தொண்டுக்காக ஏறியதல்ல.

மலையில் அப்போது எல்லோரும் உரலில்தான் குத்தினார்கள், திரிகையில்தான் அரைத்தார்கள். மிஷின் வருகிறது என்றதும் சந்தோஷப்பட்டார்கள். பிறகு ஊர்ப் பெரியவர் அப்பாவிடம், "கீழ எந்த ஊரு? எந்தத் தெரு?" என்று கேட்டார். அப்பா சொன்னார். அப்புறம் உன்னைப் பார்த்தார்கள். வெள்ளைத் தோல், பழுப்புத் தலைமுடி. உன்னை எந்தச் சாதியில் வைப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. தெரியாததால் மேலே வைத்தார்கள்.

இப்படித்தான் அந்த ஏற்பாடு வந்தது. கொட்டகைக்கு நடுவில் மூங்கில் தட்டி. தட்டிக்குப் பின்னால் எஞ்சினும் அப்பாவும், முன்னால் கல்லும் நீயும். தட்டியில் ஒரு ஓட்டை வைத்து, அதன் வழியாக பெல்ட் மட்டும் இரண்டு பக்கமும் போய் வந்தது. எஞ்சின் சத்தத்துக்கும் தூசுக்கும் தடுப்பு என்று அப்பா உன்னிடம் சொன்னார். கடைசி ஆள் மாவை வாங்கிக்கொண்டு போன பிறகுதான் அவர் முன்னால் வருவார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்பா என்றால் தட்டிக்குப் பின்னால் இருக்கும் ஒரு இருமல்.

உனக்குத் தெரியாமலா இருந்தது? இந்தக் கேள்வியை உன்னிடம் கேட்க நினைத்திருந்தேன். அத்தனை வருஷம், ஒரே கொட்டகையில். தெரிந்துகொள்ளாமல் இருந்தாயா? கேட்காமலே விட்டுவிட்டேன்.

காளியம்மாதான் போட்டு உடைத்தாள். மலைக்காரி, உன் முதல் வாடிக்கைக்காரி, சாமை கொண்டுவந்தால் உட்கார்ந்து ஊர்க்கதை முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பாள். நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு உனக்கு முதுகுவலி. அப்பாவைக் கூப்பிட்டு மூட்டையைக் கொட்டச் சொன்னாய். காளியம்மா பதறிப்போய் எழுந்து மூட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாணாம் மிஷினம்மா. நானே கொட்டறேன்."

"இன்னா ஆச்சு உனக்கு?"

"உன் வூட்டுக்காரரு தொட்டா எங்க ஆளுங்க திங்க மாட்டாங்க. நீ தொட்டா பரவால்ல."

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மழை வரும், துணியை எடு என்பதுபோலச் சொன்னாள். உன் கையிலிருந்த மாவைக் கீழே போடாமல் நீ அப்படியே நின்றது எனக்கு நினைவிருக்கிறது.

அன்று சாயங்காலம் அப்பாவோடு சண்டை. பாதி தமிழ், பாதி உன் பாஷை.

"வுடு எர்ஷி," என்றார் அப்பா. எர்ஷி என்று உன்னைக் கூப்பிட அவர் ஒருவர்தான் இருந்தார். "நாலு வூட்டு மாவு போச்சின்னா நாம இன்னாத்த திம்போம்? எனக்கு எஞ்சின் பக்கம் இருக்கறதுதான் புடிச்சிக் கீது."

"பொய் சொல்ற. நான் உன்ன ஒளிச்சி வெச்சி சம்பாதிச்சிக் கீறேன்."

"யாரு யார ஒளிச்சது? நான்தான போயி ஒக்காந்தேன்."

"அது இன்னும் மோசம்."

மறுநாள் காலை நீ தட்டியைப் பிடுங்கி அடுப்புக்கு வெட்டிப் போட்டாய். அப்பாவைக் கல்லிடம் நிறுத்தினாய். நீ எஞ்சினிடம் போனாய். உனக்கு அதைக் கிளப்பவே தெரியவில்லை. சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி முகமெல்லாம் கரி. கூடையோடு வந்தவர்கள் பார்த்தார்கள், திரும்பிப் போனார்கள்.

அதற்குப் பிறகு காலையில் எழுந்தால் ஊரெல்லாம் உலக்கைச் சத்தம். உன் மிஷின் இருந்த இடத்தில், உன் காதுபட, எல்லோரும் மறுபடி குத்த ஆரம்பித்தார்கள். நாம் இருந்த சாமையைத் தின்றோம். பிறகு அதுவும் குறைந்தது. அப்பா உன்னிடம் கெஞ்சினார், தட்டியைத் திரும்பக் கட்டிவிடலாம் என்று. நீ எண்ணெய்த் துணியை வைத்துக்கொண்டு எஞ்சினைத் துடைத்துக்கொண்டே இருந்தாய். துடைக்க அதில் ஒன்றும் இல்லாத போதும் துடைத்தாய். எனக்குப் பசித்தது. உன்மேல் கோபமாக இருந்தேன்.

காளியம்மாதான் முதலில் வந்தாள். உள்ளங்கையில் கொப்புளம்.

"மிஷினம்மா, அரைச்சிக் குடு. வூட்ல கேட்டா நீதான் அரைச்சேன்னு சொல்லிக்கறேன்."

"பொய் சொன்னா அரைக்க மாட்டேன். சூசை அரைச்சான்னு சொல்லு."

"ஐயோ, உன்னோட பெரிய ரோதனையா கீதே! எங்க மாமியாக்காரி என்ன வூட்ட வுட்டே தொரத்துவா."

"இங்க வா. எஞ்சின் தொடைக்க ஆள் வேணும்."

அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தாள். அப்பாவே அரைத்தார், அப்பாவே அள்ளிப் போட்டார். அடுத்தமுறை வந்தபோது நீ கேட்டாய்.

"இன்னா சொன்னா உன் மாமியா?"

"சொல்லிட்டேன். திங்க மாட்டேன்னு மூஞ்ச திருப்பிகினு படுத்துகினா. எல்லாரும் தூங்கினப்பறம் எழுந்து சட்டிய வழிச்சித் தின்னுட்டா."

நீ அன்று சிரித்த மாதிரி பிறகு சிரித்துப் பார்த்ததில்லை. அப்பாவும் சிரித்தார், அவள் முன்னாலேயே.

இதை நான் புரட்சி என்று சொல்ல மாட்டேன். அவர்களுக்குக் கை வலித்தது, வந்தார்கள். சிலர் வரவே இல்லை. கடைசிவரை ஆலங்காயத்துக்குச் சுமந்துபோய் அரைத்துக்கொண்டு வந்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு தட்டி இல்லை. கிறிஸ்துமஸுக்கு முன்னால் நீ வாணியம்பாடி போய்க் கசகசா வாங்கி வருவாய். "பிரியாணிக்கு இவ்ளோ எதுக்கும்மா?" என்று கடைக்காரர் கேட்பார். உங்கள் ஊர் வழக்கப்படி அதை அரைத்து, சர்க்கரை சேர்த்து, ரொட்டிக்குள் வைத்துச் சுருட்ட வேண்டும் உனக்கு. மிஷினில் போட்டு அரைப்பாய். எண்ணெய் கக்கிக் கல்லெல்லாம் ஒட்டிக்கொள்ளும். அப்பா உளியோடு உட்கார்ந்து பொழுதெல்லாம் கல்லைக் கொத்திக்கொண்டே, "இந்த வருசத்தோட சரி" என்பார். எல்லா வருஷமும் சொன்னார்.

அந்த மாவுத் தூசிதான் அவர் நெஞ்சில் இறங்கியது. எழுபதுகள் முடியும்போது அவரும் முடிந்தார்.

அவரை அடக்கம் செய்ய அடிவாரத்துக்குக் கொண்டுபோனோம். அன்றைக்குத்தான் நீ அந்தக் கல்லறைத் தோட்டத்தை ஒழுங்காகப் பார்த்தாய். நடுவில் சுவர். முன்பக்கம் ஊர்த் தெருக்காரர்களுக்கு, சிமெண்டுக் கல்லறைகள், சிலுவைகள். பின்பக்கம் சேரிக்கு, மண் மேடுகள். இருபக்கமும் ஒரே வேதம், ஒரே சாமியார். அப்பாவைப் பின்பக்கம் வைத்தார்கள்.

"இந்தச் செவுரு எதுக்கு?" என்று கேட்டாய். கோயில் கமிட்டித் தலைவர் அருளப்பன் மரியாதையாகப் பதில் சொன்னார்.

"அது பழைய செவுருங்கம்மா. ஆடு மாடு உள்ள வராம இருக்கக் கட்டினது."

"ஆடு எந்தப் பக்கம் கீது?"

பஸ்ஸில் திரும்பும்போது என் கையைப் பிடித்துச் சொன்னாய். "என்ன அங்க போடு. அவன் பக்கத்துல. எடம் காலியா கீது, பாத்துக்கோ." எனக்கு நீ சொல்லிவிட்டுப் போனது இது ஒன்றுதான். மிஷினை என்ன செய்வது என்றுகூட நீ சொல்லவில்லை.

போன ஆவணியில் நீ போனாய். மத்தியானம், மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது. காளியம்மாவின் கேழ்வரகைக் கொட்டிவிட்டு, மூட்டைமேல் உட்கார்ந்தாய். நான் பின்னால் எஞ்சினிடம் இருந்தேன். காளியம்மா கத்தியது எனக்குக் கேட்கவில்லை. பெல்ட்டைக் கழற்றியபிறகுதான் கேட்டது.

மறுநாள் காலை உன்னைப் புளி லாரியில் கீழே கொண்டுபோனோம். பெட்டிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் காளியம்மாவும் மலைக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேரும். வழியெல்லாம் புளி வாசனை. நான் அழவில்லை. மிஷினில் பாதி அரைபட்டுக் கிடந்த கேழ்வரகைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். ஈரம் இறங்கினால் பூஞ்சை பிடிக்கும் என்று.

கல்லறைத் தோட்டத்து வாசலில் அருளப்பன் நின்றிருந்தார், வெள்ளை வேட்டியோடு. நல்ல மனிதர். அதைத்தான் இங்கே நான் சொல்ல வேண்டும். அவர் கெட்டவராக இருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"எல்லாம் ரெடி பண்ணிட்டோம் பாப்பா. முன்னாலயே எடம் குடுத்துட்டோம். எங்கப்பாரு கல்லறைக்குப் பக்கத்துல."

குழி தோண்டி முடிந்திருந்தது. தோண்டியது சவரி சித்தப்பா. சேரியில் பிறந்தவர் முன்பக்கத்தில் குழி தோண்டலாம், அதற்கு யாரும் தடை சொல்வதில்லை. மண்வெட்டியோடு நின்றவர் என்னைப் பார்த்துப் பெருமையாகத் தலையாட்டினார். உனக்கு நல்ல இடம் கிடைத்ததில் அவருக்கும் சந்தோஷம். யாருக்குமே இதில் தப்பு தெரியவில்லை.

"எங்கப்பா பின்னாடி இருக்காருங்க," என்றேன்.

"அது வேற பாப்பா. உங்கம்மா வெள்ளக்காரங்க. அவங்களப் போயி..."

"சூசையோட பொண்டாட்டிங்க அவங்க."

"இன்னா பாப்பா இப்பிடி பேசற? மரியாத பண்றோம். அதப் போயி வாணாங்கறியே."

அன்யு, அதற்குமேல் எனக்குப் பேச வரவில்லை. காலேஜில் படித்தபோது இந்தச் சுவரைப் பற்றி எவ்வளவு பேசியிருக்கிறேன், மேஜையைத் தட்டிப் பேசியிருக்கிறேன். லாரியில் ஏறி உன் பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். டிரைவரிடம், "எறக்காதீங்க" என்று மட்டும் சொன்னேன்.

சாமியார் வந்தார். வயதானவர், நல்லவர், யாருக்கும் வருத்தம் வரக்கூடாது என்று நினைப்பவர். "மண்ணுக்கு ஏதும்மா முன்னும் பின்னும்? ஆன்மா தேவனிடம் போயிடுச்சு" என்றார். அப்படியானால் சுவர் எதற்கு? வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பெட்டியை எவ்வளவு நேரம் வைத்திருக்க முடியும் என்று அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எனக்கு முன்னால் அவர்கள் சோர்ந்துபோவதற்கு நான் காத்திருந்தேன், அவர்களும் அப்படித்தான்.

காளியம்மாதான் எழுந்தாள்.

"இன்னா சாமி பேச்சு? புருசன் பக்கத்துல போடுன்னு எங்கிட்டயும் சொல்லிச்சி அந்தம்மா. உங்களுக்கு இஷ்டம் இல்லன்னா வுடுங்க. மேல தூக்கினு போறோம். எங்க கொல்லையில பொதைச்சிக்கறோம்."

"அது எப்பிடி? அவங்க ஞானஸ்நானம் வாங்கினவங்க," என்றார் சாமியார்.

"நாங்க சாமை தூக்கினு போவும்போது அந்தம்மா அதெல்லாம் கேக்கலியே. டிரைவரே, வண்டியத் திருப்பு."

இவள் யார்? அப்பா தொட்ட மாவை வேண்டாம் என்று மூட்டையைப் பிடித்துக்கொண்டவள். அவளோடு வந்தவர்களில் சிலர் இன்றைக்கும் சேரி வீட்டில் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். இதை நான் மறக்கவில்லை. இருந்தாலும் கோயிலில் ஞானஸ்நானம் வாங்கிய ஒருவரும் அன்றைக்கு அவள் சொன்னதைச் சொல்லவில்லை. லாரி எஞ்சினைக் கிளப்பினார் டிரைவர். கிறிஸ்தவப் பெண்ணின் உடல் மலைக்காரர்கள் கொல்லையில் போய்ப் புதையுமோ என்று சாமியாருக்கு வியர்த்துவிட்டது. "சவரி, பின்னால தோண்டு" என்றார்.

சவரி சித்தப்பா இரண்டாவது முறை தோண்டினார். அந்தப் பக்கம் பாறை மண். சேரிப் பசங்கள் மாற்றி மாற்றிக் கடப்பாறை போட்டார்கள். மலைக்காரர்கள் தள்ளி நின்று பார்த்தார்கள். பிறகு ஒருவர் வந்து கடப்பாறையை வாங்கிக்கொண்டார். பொழுது சாயும்போது உன்னை இறக்கினோம். அப்பாவுக்கு இடதுபக்கம்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். முன்பக்கம் அந்தக் குழி திறந்து கிடந்தது. சவரி சித்தப்பா அதை மூடப் போனார். மண்ணைத் தள்ளி ஏறக்குறைய மூடியாகிவிட்டது. அப்போது அருளப்பன் ஓடி வந்தார்.

"நிறுத்துடா சவரி! சும்மா மூடாத. தோண்டின குழி வெறுமனே போனா ஆள் கேக்கும்."

ஞாயிற்றுக்கிழமை பீடத்தில் நின்று வேதம் வாசிக்கிற மனிதர். அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. உண்மையாகவே பயந்திருந்தார். பக்கத்துக் கல்லறை அவர் அப்பாவுடையது. அடுத்து யார் என்று கணக்குப் போட்டிருப்பார்.

"இன்னா பண்ணலாங்க?" என்று கேட்டார் சவரி சித்தப்பா. இரண்டு குழி தோண்டிய அலுப்பில் மண்வெட்டிமேல் சாய்ந்து நின்றார்.

"ஒரு வாழைய வெச்சி மூடுவாங்க. ஆளுக்குப் பதிலு."

சாமியார் பங்களாவின் பின்பக்கத்திலிருந்து இருட்டுவதற்குள் ஒரு வாழையைக் கொண்டுவந்தார்கள். தண்டாக வெட்டிக் கொண்டுவர வேண்டியதை, அவசரத்தில் ஒரு கன்றை வேரோடு, கிழங்கோடு இழுத்து வந்துவிட்டார்கள். மேலாக இருந்த பள்ளத்தில் அதைப் படுக்கவைத்து மண்ணைத் தள்ளினார்கள். பழக்க தோஷத்தில் இரண்டு பேர் ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டார்கள். சாமியார் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

ஆக, ஊர்த் தெருக்காரர்கள் பக்கம், அருளப்பனின் அப்பாவுக்கு அருகில், ஒரு வாழைக்கன்று அடக்கமாகியிருக்கிறது. அதன் சாதியை யாரும் விசாரிக்கவில்லை.

மறுநாள் மலைக்குத் திரும்பி, காளியம்மாவின் மீதிக் கேழ்வரகை அரைத்து முடித்தேன். சாவு வீட்டு மாவு. எடுத்துக்கொண்டு போவாளா என்று தெரியவில்லை. "வாணாம்னா வெச்சிட்டுப் போங்கக்கா" என்றேன். அவள் மாவை இரண்டு விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தாள், நீ செய்வதுபோலவே. "கொஞ்சம் கொரகொரன்னு கீது. கல்ல கொத்து" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு போனாள். அன்று மிஷின் நின்றுபோவதற்கு முன்னால் நீ அரைத்தது எது, பின்னால் நான் அரைத்தது எது என்று தெரியாதபடி மாவு கூடையில் கலந்திருந்தது. அப்போதும் நான் அழவில்லை.

பிறகு கல்லறைத் திருநாள் வந்தது. பழைய சாமியார் மாற்றலாகிப் போய்விட்டார், புதியவர் வந்திருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. முன்பக்கம் ஒவ்வொரு கல்லறையாக மந்திரித்துக்கொண்டே வந்தவர், சிலுவையில்லாத புது மேட்டைப் பார்த்துச் சற்று நின்றார். பாவம் யாரோ ஏழை என்று நினைத்திருப்பார். தீர்த்தம் தெளித்து, கொஞ்சம் கூடுதலாகவே ஜெபித்தார். அருளப்பன் கூடவே நின்று "ஆமென்" என்றார். உனக்கும் அப்பாவுக்கும் அவர் வந்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. பின்பக்கம் முழுவதற்கும் சேர்த்து வாசலில் நின்று ஒருமுறை தெளித்துவிட்டுப் போனார். அன்று சாயங்காலம்தான் அந்தத் தியாகச் சுடர் கூட்டம்.

நம் ஊருக்குக் கரண்டு வரப்போகிறது. கம்பம் நட்டுவிட்டார்கள். ஆலங்காயத்து வியாபாரி ஒருவர் கரண்டு மிஷின் போட இடம் பார்த்துவிட்டுப் போனார். நம் எஞ்சின் நிற்குமா என்று தெரியாது. கிறிஸ்துமஸுக்குக் கசகசா வாங்கி அரைத்தேன். கல் ஒட்டிக்கொண்டது. உளியோடு உட்கார்ந்து கொத்தினேன். ரொட்டி வேகவில்லை, உள்ளே மாவாகவே இருந்தது. தின்றுவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கீழே போனேன். கல்லறைத் தோட்டத்து வாசலில் சவரி சித்தப்பா நின்றுகொண்டு கையாட்டினார்.

"பாப்பா, இங்க வா. உங்கம்மாவுக்கு வெச்ச கன்னு கெளம்பிக்கீது பாரு."

ஐப்பசி மழையில் முளைத்திருக்கிறது. முழங்கால் உயரம், இரண்டு இலை விரிந்து மூன்றாவது சுருளாக நிற்கிறது. இதில் அதிசயம் எதுவும் இல்லை. கிழங்கோடு மேலாகப் புதைத்தால் முளைக்கும். ஆனால் கமிட்டிக்குள் பெரிய குழப்பம். பிடுங்கினால் குழி திறந்த மாதிரி ஆகிவிடுமாம், மறுபடி ஆள் கேட்குமாம். விட்டாலோ வருகிறவர் போகிறவர் எல்லாம் கேட்கிறார்கள். புதுச் சாமியாரும் கேட்டிருக்கிறார்.

"கல்லறைமேல வாழை வெச்சது யாரு? யாரோட கல்லறை இது?"

யாரும் வாய் திறக்கவில்லையாம். "நீ சொல்லலியா சித்தப்பா?" என்று கேட்டேன்.

"என்ன யாரு பாப்பா கேட்டாங்க?" என்றார்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். எல்லோரும் படிக்கட்டும், புதுச் சாமியாரும் படிக்கட்டும். அந்த மேட்டில் இருப்பது வாழை. நீ பின்பக்கம், சூசைக்கு இடதுபக்கம்.

இன்னும் எனக்கு அழுகை வரவில்லை, அன்யு. வராமலே போய்விடுமோ என்னவோ. அதற்குப் பதில் ஒன்று சொல்கிறேன், இதைக் கட்டாயம் செய்வேன். அந்த வாழை குலை தள்ளட்டும். உனக்கென்று வைத்தது, அதனால் குலை உன்னுடையது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து எல்லோரும் வெளியே வரும் நேரத்தில், முன்வாசல் வழியாகப் போய் அதை வெட்டுவேன். தோளில் போட்டுக்கொண்டு சுவரைச் சுற்றி உன்னிடம் வருவேன். பழுத்ததும் ஒரு சீப்பு சவரி சித்தப்பாவுக்கு. ஒரு சீப்பு காளியம்மாவுக்கு, அவள் மாமியார் இன்னும் உயிரோடுதான் இருக்கிறாள், அவளுக்கும் சேர்த்து. ஒரு பழத்தை அருளப்பனிடம் என் கையால் நீட்டுவேன்.

அவர் மரியாதையாக வாங்கிக்கொள்வார். தின்கிறாரா என்று அங்கேயே நின்று பார்ப்பேன்.

எர்ஷிக்கும் சூசைக்கும் பிறந்தவள்,
உன் மிஷினை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கும் மகள்,
மார்த்தா